இன்பசேகரன் கொண்டுவந்த மண்

இன்பசேகரன் சிறு கரண்டியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைக்கிறார். சருகை ஒதுக்கி, ஒரு சாண் தோண்டி, அடிமண்ணில் மட்டும் இரண்டு கரண்டி அள்ளிப் பையில் போடுகிறார். ஊர், தேதி எழுதுகிறார். கீழக்குயில்குடியில் அந்த நிலம் முத்துக்கருப்பனுடையது; பக்கத்தில் நின்று அவர் கேட்கிறார்.

“மண்ண அள்ளி என்னண்ணே செய்யப் போறீக?”

“மருந்து தேடுறேண்ணே.”

“இதுலயா?”

“பாதி மருந்து இதுல இருந்து வந்ததுதானாம்.”

இன்பசேகரனுக்கு வயது ஐம்பத்தாறு. திருப்பரங்குன்றம் பக்கம், நான் பாடம் நடத்தும் கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆய்வக உதவியாளர். மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் சில, தம் இடத்துக்கு வரும் மற்றவற்றைக் கொல்ல ஏதேதோ சுரக்கின்றன. அதைப் பிரித்தெடுத்துத்தான் பல ஊசிமருந்துகள் செய்தார்கள். நான் இதைச் சொன்ன வகுப்பில் முப்பது பேர் மறந்துவிட்டார்கள். பின்னால் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருந்தவர் மறக்கவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் அவர் மனைவி அற்புதமேரியின் காலில் ஆணி குத்தியது. சர்க்கரை உடம்பு. புண்ணில் கிருமி ஏறி, பதினெட்டாம் நாள் போய்விட்டார்.

“ரிப்போர்ட்டுல பத்து மருந்து பேரு சார். பத்துக்கும் நேரா ஆர், ஆர்னு இருந்துச்சு. நல்லதுதான் போலன்னு நெனச்சேன். ‘கிருமி இதுக்குக் கேக்காது’ன்னு அர்த்தமாம்.”

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்ணெடுக்கப் போய்விடுவார். அவனியாபுரம் வாய்க்கால் கரை, சமணர் மலையடிவாரம், யார் வீட்டிலாவது அஸ்திவாரம் தோண்டினால் அங்கே. கல்லறைத் தோட்டத்து மண்ணை மட்டும் தொடமாட்டார். “படுத்திருக்கவுகள ஏன் சார் தொந்தரவு பண்ணணும்?”

போன புரட்டாசியில், முத்துக்கருப்பன் நிலத்து மண்ணைத் தூவிய தட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாக்டீரியாத் திட்டு முளைத்தது. ஆய்வு மாணவி தாமரைச்செல்வி அதைக் கிருமி பூசிய தட்டில் வைத்தாள். மறுநாள் அதைச் சுற்றிப் பத்து ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கிருமியே இல்லை. தட்டில் பூசியது, அற்புதமேரியைக் கொன்ற அதே இனக் கிருமி. இன்பசேகரன் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கும் போகாமல் நின்றார்.

வேதிச்சோதனைக்கு அனுப்பி நான்கு மாதம் காத்திருந்தோம். மனைவி போனதிலிருந்து தாடியோடே திரிந்தவர், அந்த நான்கு மாதமும் சவரம் செய்த முகத்தோடு வந்தார்.

முடிவு வந்த அன்று தாமரைச்செல்விதான் சொன்னாள். “ஜென்டாமைசின்ணே. அறுபது வருசத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்ச மருந்து. கடையில கெடைக்குது.”

“அப்ப அவளுக்கு இதப் போட்டிருந்தா?”

அவள் என்னைப் பார்த்தாள்.

“போட்டாலும் கேட்டிருக்காதுண்ணே. அந்தப் பத்துல இதுவும் இருந்திருக்கும். நம்ம தட்டுல உள்ளது சாதாரணக் கிருமி, மருந்துக்குச் சாகும். அக்காவுக்கு வந்தது எதுக்கும் சாகாத கிருமி.”

“சரி தாயி,” என்றார். “நீ ஏன் அழுகுற?”

பழைய தட்டுகளை நீராவியில் வேகவைத்து அழிப்பது அவர் வேலை. மாலை நாலு மணிக்கு எல்லாவற்றையும் பாத்திரத்தில் அடுக்கினார். அந்த ஆரஞ்சுத் தட்டை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். மூடியைத் திருகுவதற்கு முன், காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதைப்போல, அதன்மேல் புறங்கையைச் சற்று நேரம் வைத்திருந்தார்.