இரண்டு கைப்பிடிப் பயறு

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மலேசியாவில், கூலாய் என்ற ஊரில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நாங்கள் சில திருநங்கைகள் சேர்ந்து வாழ்கிறோம். மார்பு வளராத காலத்தில் ரவிக்கைக்குள் எதையாவது வைத்துக்கொள்ளாதவள் எங்களில் யாரும் இல்லை. வெறும் ஸ்பாஞ்சு வைத்தால் நடக்க நடக்க மேலே ஏறிக் கழுத்துக்கு வந்துவிடும், பாதி வழியில் மானம் போய்விடும். அதற்கு வழி கண்டுபிடித்தவள் அக்கா. பழைய காலுறைக்குள் ஒரு கைப்பிடிப் பச்சைப்பயறு, அதைச் சுற்றி ஸ்பாஞ்சு, வாயைச் சேர்த்து ஒரு தையல். கனமாக இருக்கும், வைத்த இடத்தில் நிற்கும். ஹார்மோன் மாத்திரை வேலை செய்து ஒருத்திக்குச் சொந்தமாகவே வந்துவிட்டது என்றால், அன்றைக்கு அந்தப் பைகளைக் கத்தரித்து, பயறைப் பின்பக்கத் தகரக் கூரையில் புறாக்களுக்குப் போட்டுவிடுவோம். கடையில் புதுப் பயறு வாங்கிப் பாயசம் வைப்போம். 'பயறு விடுறது' என்று அதற்குப் பெயர். உங்கள் வீட்டில் பெண் பெரியவளானால் நீங்கள் எவ்வளவு ஆட்டம் போடுவீர்களோ, அதற்குக் கொஞ்சமும் குறையாமல் நாங்களும் போடுவோம்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. பெக்கான் நானாஸ் ஊரில் என்னைப் பெற்றவர்கள் வீட்டுக் கதவு எனக்குச் சாத்தப்பட்டபோது, இங்கே கதவைத் திறந்தவள் அவள். ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் செய்தாள். கடைக்காரர் அவளை முன்பக்கம் வரவிடமாட்டார், ஆனால் அவளுடைய மீன்குழம்பை மட்டும் முன்பக்கம் வைத்து விற்பார். என்னை ஓட்டுநர் உரிமம் எடுக்கச் சொல்லி நச்சரித்தவளும் அவள்தான். இன்றைக்கு வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறேன் என்றால் அது அவள் வாயால் வந்த பிழைப்பு.

எங்கள் எல்லாருக்கும் பயறு விட்டுப் பாயசம் கிண்டியவள், தனக்கு மட்டும் அந்த நாளைப் பார்க்கவில்லை. மாத்திரை சாப்பிட்டால் ஈரல் கெட்டுப்போகும் என்று யாரோ சொன்னதை நம்பி வருடக்கணக்கில் பயந்தே கிடந்தாள். நாற்பது தாண்டிய பிறகுதான் ஆரம்பித்தாள். வயது போனால் மாத்திரையும் மெதுவாகத்தான் கேட்கும். குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நிற்பாள். "என்னடி, ஏதாச்சும் தெரியுதா?" என்பாள். "தெரியுதுக்கா, தொப்பை தெரியுது" என்பேன். கையில் இருப்பதைத் தூக்கி எறிவாள்.

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்குள் வந்து என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்தாள். உள்ளே கெட்டியாக, ஒரு ஜாதிக்காய் அளவுக்கு, ஏதோ இருந்தது. எங்களுக்கும் முதலில் இப்படிக் கெட்டியாகத்தான் முளைத்தது.

"வந்துருச்சுடி" என்றாள். கண் நிறைந்திருந்தது.

நான் கூச்சல் போட்டேன். எல்லாரும் ஓடி வந்தார்கள், எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். வலது பக்கம் ஒன்றும் இல்லையே என்று ஒருத்தி இழுத்தாள். "ஒரு பக்கம் முன்ன வரும், ஒரு பக்கம் பின்ன வரும். எனக்கும் அப்படித்தான்" என்று இன்னொருத்தி அவள் வாயை அடைத்தாள். அன்றைக்கே பயறு விட்டோம். அக்காவின் பைகளில் இருந்த பயறு அத்தனை வருட வியர்வையில் கறுத்துப்போயிருந்தது. புறாக்கள் அதைக் கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டன. அதற்கும் சிரித்தோம்.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். எங்களுக்கு எது வந்தாலும் எங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம். மாத்திரையின் அளவைக்கூட ஒருத்தியைப் பார்த்து ஒருத்திதான் தெரிந்துகொண்டோம். ஒருமுறை காய்ச்சலுக்கு ஒரு கிளினிக்குக்குப் போன அக்காவை, அங்கிருந்தவர் ஊசி போடுவதற்கு முன்னால் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு வந்து காட்டினார். பார்த்துவிட்டு அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். அன்றிலிருந்து காய்ச்சல் வந்தால் கஞ்சியும் மிளகு ரசமும்தான் அவளுக்கு மருந்து.

உண்மையைச் சொன்னவன் தம்பி. அவனும் கூடப்பிறந்தவன் இல்லை. ஜோகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறான். இன்னொரு ஆணோடு குடும்பம் நடத்துகிறான். அதனால் சொந்த வீட்டில் அவனுக்குத் தீபாவளி கிடையாது, எங்கள் வீட்டில்தான். அந்தத் தீபாவளிக்கு வந்தவனிடம் அக்கா பெருமை பொங்கத் தன் சேதியைச் சொன்னாள். அவன் கேட்டது ஒன்றுதான்.

"வலிக்குதாக்கா?"

"இல்லடா. இவளுங்கல்லாம் துணி பட்டாலே துடிச்சாளுங்க. எனக்கு வலியே இல்ல லா. நான் குடுத்து வச்சவ."

தம்பி கையில் இருந்த முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்தான். "வலிக்கணும்க்கா" என்றான்.

மார்பு முளைத்தபோது எங்களுக்கெல்லாம் வலித்திருந்தது. சட்டை உரசினால்கூட உயிர் போகும். குப்புறப் படுக்க முடியாது. அது எங்களில் ஒவ்வொருத்திக்கும் தெரியும். தெரிந்திருந்தும், வலிக்காததை அக்காவின் அதிர்ஷ்டம் என்று நினைத்துப் பாயசம் குடித்தோம். இந்தத் தப்பை உலகத்தில் வேறு யார் செய்வார்கள்? வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் கட்டி என்றதும் பயந்திருப்பாள். நாங்கள் அதற்காக ஏங்கிக் கிடந்தவர்கள்.

பெரிய மருத்துவமனையில் நாள் வாங்கித் தந்ததும் தம்பிதான். அங்கே போகிற நாளெல்லாம் நான் வாடகை ஓட்டத்தை விட்டுவிட்டு அவளைக் காரில் கூட்டிப்போனேன். அங்கே எங்களுக்கு இன்னொரு வழக்கம். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருப்பது ஆண் பெயர். அறைக் கதவைத் திறந்து அந்தப் பெயரைக் கூப்பிடும்போது சேலை கட்டிய ஒருத்தி எழுந்தால் கூடமே திரும்பிப் பார்க்கும். அதனால் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கும்பலாகப் போவோம். பெயரைக் கூப்பிட்டதும் எல்லாரும் ஒன்றாக எழுந்து நிற்போம். பார்க்கிறவன் யாரைப் பார்ப்பான்? அன்றைக்குத் தம்பியும் எங்களோடு எழுந்தான். தாதி எங்களையெல்லாம் விட்டுவிட்டு அவனைக் கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டாள். அக்கா அந்தக் கவலையிலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

உள்ளே இருந்தவர் ஒரு மலாய்ப் பெண் டாக்டர். ஐசியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், "காக், உட்காருங்க" என்றார். காக் என்றால் மலாயில் அக்கா. அந்த ஒரு சொல்லுக்கே இவள் பாதி குணமானவள்போல் உட்கார்ந்தாள். ஆனால் அந்த டாக்டர் அதற்குப் பிறகு சொன்ன எதுவும் நல்லதில்லை. புற்றுநோய். முற்றத் தொடங்கியிருந்தது. இடது மார்பை முழுவதும் எடுக்க வேண்டும், மாத்திரையையும் நிறுத்த வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "வெட்ட மாட்டேன்" என்றாள்.

நாங்கள் கெஞ்சினோம், திட்டினோம். தம்பி படம் வரைந்து விளக்கினான். "எடுத்துட்டா இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கலாம்க்கா. விட்டா இருக்க முடியாது" என்றான். அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. காலையில் எழுந்து கடைக்குப் போனாள், மீன்குழம்பு வைத்தாள், வந்து படுத்தாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறும். ஒருநாள் அவளை வேலைக்கு இறக்கிவிடும்போது காரை நிறுத்திவிட்டுக் கத்தினேன்.

"சாகணும்னா சொல்லிட்டுச் சாவு. நாங்க இனிமே கூட அலையல."

"வெட்டிட்டா நான் யாருடி?" என்றாள் மெதுவாக. "அம்பது வயசுல ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. அதுவும் வியாதின்னு சொல்றீங்க. சரி, வியாதியாவே இருக்கட்டும். என்னோடதுதானே?"

காருக்குள்ளேயே உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். நான் கண்ணாடியை இறக்கி அவனை நல்ல வார்த்தையாக நாலு சொன்னேன்.

அழுது முடித்தபிறகு அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "நான் ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு. எப்படியும் நான் போறப்ப எங்கண்ணன்தான் வந்து தூக்குவாரு. சட்டை வேட்டி மாட்டி ஆம்பளையா அனுப்பிடுவாரு. நீ விடக்கூடாது. ரெண்டு பக்கமும் பயறு வச்சு என்னை அனுப்பணும். சத்தியம் பண்ணு." அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக, அவள் சாவுக்குச் செய்ய வேண்டியதை ஒத்துக்கொண்டு சத்தியம் செய்தேன்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவளை ஆண்கள் வார்டில்தான் போட்டார்கள். ஐசி சொல்கிறபடிதான் கட்டில். அந்த டாக்டர் பேசி ஓர் ஓரத்துக் கட்டிலையும் சுற்றித் திரையையும் வாங்கித் தந்தார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை. தம்பியும் அவன் துணைவனும் நாங்களும் முறை வைத்து அந்தத் திரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாராவது எட்டிப் பார்த்தால் முறைப்பது என் வேலை.

வீட்டுக்கு வந்த மறுநாள் அக்கா என்னிடம் பயறு கேட்டாள். வீட்டில் ஒரு பைகூட மிச்சமில்லை, எல்லாரும் விட்டாயிற்று. கடைக்குப் போய்ப் பச்சைப்பயறும் ஸ்பாஞ்சும் வாங்கி வந்து, அவள் எனக்குச் செய்துகொடுத்த மாதிரியே இரண்டு தைத்தேன். தையல் கோணிப்போனது. "என்னடி இது, மூட்டை மாதிரி" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு குளிக்கும் நேரம் தவிர அதைக் கழற்றவில்லை.

ஒரு தைப்பூசம் பார்த்தாள், இன்னொரு தீபாவளி பார்த்தாள். பிறகு நுரையீரலுக்குப் போய்விட்டது. ஒரு நாள் காலையில், அதே ஆண்கள் வார்டில், திரைக்குள், தம்பி வாயில் ஊற்றிய தண்ணீர் உள்ளே போகவில்லை.

உடலைத் தரச் சொன்னபோது, உறவு என்ன என்று கேட்டார்கள். தங்கை என்றேன். ஐசியைக் கேட்டார்கள். எங்கள் உறவு எந்த ஐசியில் இருக்கிறது? இரத்த சம்பந்தம் வர வேண்டும் என்றார்கள்.

சாஆ ஊரிலிருந்து அக்காவின் கூடப்பிறந்த அண்ணன் வந்தார். செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருப்பவர், வெயிலில் வெந்த மனிதர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எப்போதாவது கூலாய் வந்தால் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் நின்று ஒரு வாழைத்தாரைக் கொடுத்துவிட்டுப் போவார். வீட்டுக்கு வரச் சொன்னால், "வேணாம்பா, நாலு பேரு பாப்பாங்க" என்பார். எத்தனை வருடமாகக் கூப்பிட்டாலும் இதே பதில்தான்.

பிணவறையில் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் வெள்ளைச் சட்டையும் வேட்டியும். என் கையில் ஒரு துணிப்பை, அதில் அக்காவின் மயில்கழுத்து நிறச் சேலை, ரவிக்கை, நான் தைத்த இரண்டு பைகள்.

"ஊருக்குக் கொண்டுபோறேம்மா" என்றார். "தோட்டத்து ஆளுங்க வருவாங்க, கோயில் ஆளுங்க வருவாங்க. நாலு பேரு பாப்பாங்க. கோவிச்சுக்காத."

நான் கத்தினேன். உயிரோடு இருந்தபோது பார்க்க வராத நாலு பேருக்கு இப்போது என்ன பார்வை என்று கேட்டேன். கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தம்பி என் தோளைப் பிடித்தான். கேட்டு என்ன ஆகப்போகிறது? உடல் அவருடையது. எங்களுடையது என்று சொல்ல ஒரு வழியும் இல்லை.

வேட்டியைக் கட்டி, சட்டையை மாட்டக் கையைத் தூக்கியபோதுதான் அவர் அதைப் பார்த்தார். இடது பக்கம் எலும்போடு ஒட்டிய தோல், அக்குள்வரை ஓடிய தழும்பு.

"இது என்னம்மா? நெஞ்சு வலின்னுதானே எங்கிட்ட சொன்னான்?"

சொன்னேன். ஒரு கட்டி வந்ததற்கு நாங்கள் பாயசம் வைத்ததையும், அவள் வெட்ட மாட்டேன் என்றதையும், எதற்காகக் கடைசியில் ஒத்துக்கொண்டாள் என்பதையும் சொன்னேன். துணிப்பையில் இருந்த இரண்டு பைகளையும் எடுத்துக் காட்டினேன். அவர் அவற்றைத் தொடவில்லை. வண்டிக்காரனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

அவர் திரும்பி வருவதற்குள், பொத்தான் போடாத அந்த வெள்ளைச் சட்டைக்குள் இரண்டையும் வைத்தேன். வலது பக்கம் நின்றது. இடது பக்கம் பிடித்துக்கொள்ளச் சதை இல்லை, வைக்க வைக்கச் சரிந்தது. சேலை போயிற்று, ரவிக்கை போயிற்று, இதையாவது அவர் பிடுங்கி எறியட்டும் பார்க்கலாம் என்று அவள் பக்கத்திலேயே நின்றேன்.

அவர் வந்தார். கண் சிவந்திருந்தது. சட்டை மேடிட்டிருப்பதைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார்.

"இடப் பக்கம் இறங்கிப்போச்சு பாரு" என்றார். "ஏத்தி வைம்மா. நாலு பேரு பாப்பாங்க."

நான் ஏற்றி வைத்தேன். அது சரியாமல் அவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பொத்தான்களைப் போட்டார்.