கேட் பாஸ் இல்லாத ஐந்து குடங்கள்

அடையாறில் நான் மீன் கொடுக்கும் வீடுகளில் ஒரு மேடம் இருக்கிறார். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு மியூசியத்தில் வேலை. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கத் தெரியாது. நான் சொல்வதை அப்படியே நம்பிவிடுவார். அதனாலேயே அவரை ஏமாற்ற எனக்கு மனம் வந்ததில்லை. ஒரு நாள் சங்கரா மீனைத் தட்டில் வாங்கிக்கொண்டே கேட்டார்.

"அம்மா, உங்க வீட்ல பழைய பிளாஸ்டிக் குடம் இருக்கா?"

"எல்லாமே பழசுதான் கீது மேடம். எதுக்கு?"

பள்ளிக்கூடப் பிள்ளைகளை மியூசியத்துக்கு வரவழைத்து, எல்லாவற்றையும் கையாலேயே செய்து பார்க்கவைத்து, நம் ஊர்ச் சரித்திரத்தைச் சொல்லித் தருகிறார்களாம். இந்த முறை தண்ணீர்ச் சரித்திரம். கடையில் வாங்கிய குடங்கள் பளபளவென்று இருப்பதால் பார்க்க நிஜம் மாதிரி இல்லையாம்.

"நீங்களும் வாங்கம்மா. அந்தக் காலத்துல லாரித் தண்ணிக்கு எப்படி நின்னாங்கன்னு குழந்தைங்களுக்குச் சொல்லணும்."

எந்தக் காலம் என்று நான் கேட்கவில்லை. முந்தாநாள்தான் நின்றிருந்தேன். ஆனால் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத என்னை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லக் கூப்பிடுகிறார்கள். விடுவேனா? இதையும் நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். நடுவில் நடுவில், "மீன் கதைய வுடும்மா, விஷயத்துக்கு வா" என்கிறாள்.

விஷயமே இந்த மகள்தான். அப்போது பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். பேரனுக்குப் பன்னிரண்டாம் நாள். வீட்டில் இருப்பது ஆறு குடம். லாரி இரண்டு நாளைக்கோ மூன்று நாளைக்கோ ஒரு தடவை வரும். எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது அதன் இஷ்டம். அன்று எட்டு மணி வரை வரவில்லை. மீதமிருந்தது ஒரே ஒரு குடம் தண்ணீர். குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும், துணி அலச வேண்டும், சோறு பொங்க வேண்டும். நானோ மற்ற ஐந்து குடங்களையும் கயிற்றில் கோத்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"லாரி வந்தா எதுல புடிக்கிறது? புள்ளைய மியூசியத்துலயா குளிப்பாட்டுவ?" என்று மகள் உள்ளேயிருந்து கத்தினாள்.

"சும்மா கத்தாத. பதினோரு மணிக்கெல்லாம் வந்துடுவேன்."

எதிர்வீட்டுக்காரி நல்லவள். அதாவது தண்ணீர் வராத நேரத்தில் நல்லவள். "நீ போய்ட்டு வாக்கா, லாரி வந்தா போன் அடிக்கிறேன்" என்றாள்.

மியூசியம் வாசலில் வாட்ச்மேன் எனக்கு சல்யூட் அடித்தார். மேடம் முன்பே சொல்லிவைத்திருந்தார் போலிருக்கிறது. கதவைத் திறந்துவிட்டு, மூன்று குடங்களை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷம் சுமந்திருக்கிறேன். என் குடத்துக்கு இப்படி ஒரு மரியாதையைக் கண்டதில்லை.

உள்ளே ஒரு ஹாலில் தரையில் தெரு வரைந்திருந்தார்கள். பலகையில் செய்த லாரி ஒன்று நின்றது. தண்ணீருக்குப் பதில் நீலத் துணி. நிஜத் தண்ணீர் கூடாதாம், தரை பாழாகிவிடுமாம். என் குடங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை கட்டினார்கள். கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண்ணிடம் அதைப் படிக்கச் சொன்னேன்.

"முன்பு சென்னை மக்கள் பயன்படுத்திய குடம்னு போட்டிருக்கு பாட்டி."

அன்று காலையில்தான் அதைக் கவிழ்த்து, மிச்சத் தண்ணீரில் முகம் கழுவியிருந்தேன்.

பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்னார் மேடம். நின்றார்கள் பாருங்கள், கோயில் சிலை மாதிரி. "நீ முதல்ல போ." "இல்ல, நீ போ." எங்கள் தெருவில் யாராவது இப்படிப் பேசினால் தொட்டுப் பார்ப்போம், ஜுரமா என்று.

"இப்டி நின்னா உங்க வூட்ல சோறு வேகாது கண்ணுங்களா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கண்ணாடிக்காரப் பெண் தன் குடத்தோடு இன்னொன்றையும் முன்னால் தள்ளினாள்.

"இது எங்க அக்கா குடம்!"

"உனக்கு அக்காவே கிடையாதே!" என்றான் பின்னால் நின்றவன்.

"பெரியம்மா பொண்ணு கீது!"

ஐந்து நிமிஷத்தில் ஹால் எங்கள் தெருவாகிவிட்டது. கூட வந்த டீச்சர், "நோ ஃபைட்டிங்! நோ ஃபைட்டிங்!" என்று ஓடி ஓடி விலக்கிவிட்டார். மேடத்துக்கு ஒரே பூரிப்பு. போட்டோ எடுத்துத் தள்ளினார். எனக்கும் பூரிப்புதான். பிறகு எல்லோரையும் உட்காரவைத்து, அந்தக் கால மக்கள் பட்ட கஷ்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது.

"யக்கா! லாரி வந்துட்ச்சு! மொத தெருவுல நிக்கிது, நம்ம தெருவுக்கு வர அரை மணி நேரம் ஆவும். எங்க கீற?"

"தண்ணி க்யூவுல கீறேன்."

"எந்த க்யூவுல? இங்க உன்னக் காணமே!"

மேடத்திடம் சொன்னேன். தங்கமான மனுஷி. "ஐயோ, குழந்தை இருக்கற வீடாச்சே, உடனே கிளம்புங்கம்மா" என்று அவரே அட்டைகளை அவிழ்த்தார். வாசலுக்கு ஓடினோம். வாட்ச்மேன் குறுக்கே நின்றார்.

"கேட் பாஸ் எங்கம்மா?"

"என் கொடத்துக்கு இன்னாத்துக்குப்பா பாஸு?"

"உள்ள வந்ததுக்கு ரிஜிஸ்டர்ல எழுத்து இல்லையே. எழுதாம உள்ள இருக்கறதெல்லாம் மியூசியம் பொருள்."

"காலைல நீதான தூக்கினு வந்த?"

"தூக்குனது நான்தான். எழுதல."

அவர் கண்ணில் தண்ணீர் வராத குறை. போன மாதம் யாரோ ஒரு பெஞ்சை எடுத்துப்போய், இவர் மெமோ வாங்கியிருக்கிறார். மேடம் கெஞ்சினார். பாஸில் கையெழுத்துப் போடுகிற ஆபீசருக்கு போன் போட்டார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறவர் எப்படிப் பேசுவார்? அரை மணி நேரத்தில் பத்து நிமிஷம் வாசலிலேயே போய்விட்டது. வெறுங்கையோடு போய் லாரி முன்னால் நின்று என்ன செய்வது? பேரனின் ஈரத்துணி வாளியில் குவிந்து கிடப்பதுதான் என் கண்ணில் நின்றது.

அப்போது பிள்ளைகள் பஸ் ஏற வெளியே வந்தார்கள். ஆளாளுக்கு அங்கே செய்த காகித லாரி, களிமண் குடம் என்று கையில் வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் அவற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்காரப் பெண் என்னிடம் வந்து நின்றாள்.

"பாட்டி, ஏன் அழற மாதிரி இருக்கீங்க?"

சொன்னேன். அவள் வாட்ச்மேனைப் பார்த்தாள்.

"அங்கிள், நாங்க செஞ்சதுக்கெல்லாம் பாஸ் வேணாமா?"

"பசங்க கைவேலைக்கு எதுக்கும்மா பாஸு?"

பையிலிருந்து தடிமனான பேனாவை எடுத்தாள். என் பச்சைக் குடத்தில் ஒரு மீன் வரைந்தாள். அவ்வளவுதான், மற்ற பிள்ளைகளும் பாய்ந்துவிட்டார்கள். ஒன்றில் பூ, ஒன்றில் லாரி, ஒன்றில் யாரோ ஒரு கிரிக்கெட்காரன், ஒன்றில் மீசை வைத்த நான். எனக்கு ஏன் மீசை என்று கேட்க நேரமில்லை.

"இது நாங்க செஞ்சது அங்கிள்."

வாட்ச்மேன் மேடத்தைப் பார்த்தார். மேடம் வாசலில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தை அண்ணாந்து பார்த்தார். ஐந்து பிள்ளைகள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போக, அந்த மனுஷன் சந்தோஷமாகக் கதவின் இன்னொரு பக்கத்தையும் திறந்துவிட்டார். பாவம், அவருக்கும் ஒரு வழிதான் தேவைப்பட்டிருக்கிறது.

ஆட்டோ அடையாறு பாலத்தில் ஊர்ந்தது. நான் தெருமுனையில் இறங்கும்போது லாரியின் பைப்பை எதிர்வீட்டுக்காரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாலு பேரோடு மல்லுக்கு நின்றாள். "அவ வந்துக்கினே கீறா! பச்சப்புள்ள கீற வூடு! எவளாவது கை வெச்சீங்க..."

மூன்று குடம் நிறைந்தது. நாலாவது பாதியில் நின்றுவிட்டது. லாரி காலி.

"இன்னாக்கா, கொடத்துல படம்லாம் போட்டுகினு வந்துகீற? உம் பொண்ணு சீமந்தம்தான் முடிஞ்சிப் போச்சே!" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே.

அன்று என் பேரன் குளித்தான். மகள் மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரம் மேடம் மீன் வாங்கும்போது சொன்னார். நான் இல்லாமல் வந்த அடுத்த பேட்ச் பிள்ளைகள் மறுபடியும் சிலையாக நின்றுவிட்டார்களாம். "நீங்க கட்டாயம் வரணும்மா. உங்களோட சண்டை போட இன்னொருத்தரையும் கூட்டிட்டு வாங்க."

எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னதும் புடவை எதைக் கட்டுவது என்று யோசிக்கப் போய்விட்டாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"யக்கா, நாம ரெண்டு பேரும் அங்க போய்ட்டா லாரி வந்தா யாரு போன் அடிக்கிறது?"

அதற்கு மேடம், லாரி வராத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். லாரி டிரைவரிடம் கேட்டேன். தெரிந்தால் எனக்கும் சொல்லும்மா என்கிறான்.