ஆம்பூரிலிருந்து வந்த ஒய்

இங்கே மதியம் நெருங்கினால், நடைவழியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "மால்ட்சைட்" என்கிறார்கள். சாப்பாட்டு நேரத்து வணக்கம், அவ்வளவுதான். ஜெர்மனிக்கு வந்த புதிதில், சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று நம்பி ஒருவர் பின்னாலேயே போனேன். அவர் கழிவறைக்குள் நுழைந்தார்.

தோல் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு அப்போது தகுதிகாண் காலம். வேலை ஆம்பூர் ஷூ கம்பெனியில் பார்த்ததுதான். கணினியில் அங்கே போலவே லினக்ஸ். அங்கே அதைக் கவனித்துக்கொண்டவள் என் தோழி நஸ்ரீன். நான் எதையாவது நோண்டினால் கையைத் தட்டிவிடுவாள். இங்கே தட்ட ஆளில்லை. சாளரங்கள் ஜெல்லி போல ஆடவும் திரை பெட்டி போலச் சுழலவும் இணையத்தில் கிடைத்த எக்ஸ்டென்ஷன்களையெல்லாம் ஏற்றினேன். மறுநாள் காலை மெனு இல்லை, கீழ்ப்பட்டை இல்லை. பின்னணியில் வைத்திருந்த ஏலகிரி ஏரிப் படம் மட்டும் இருந்தது. பிற்பகல் வாடிக்கையாளர் வருகிறார். அவருக்குக் காட்டவேண்டிய சோதனை முடிவுகள் அந்த ஏரிக்கு அடியில் எங்கோ கிடந்தன.

மேலாளர் கிளவுஸ் எட்டிப் பார்த்தார். திரையில் இருந்த சாளரங்களை நினைத்து, எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "ஜன்னல் உடைந்துவிட்டது" என்றேன். பதறிப்போய் வெளியேறினார். சற்று நேரத்தில் கட்டடப் பராமரிப்பாளர் அளவு நாடாவோடு வந்து, முழுசாக இருந்த கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நஸ்ரீனுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடி பண்ண?"

"எக்ஸ்டென்ஷன் போட்டேன். கொஞ்சம் ஜாஸ்தியா."

அவள் சொன்ன விசைகளை அழுத்தியதும் கருப்புத் திரை வந்து பாஸ்வேர்டு கேட்டது. எத்தனை முறை அடித்தும் ஏற்கவில்லை. அது என்னவென்று கேட்டாள். சுற்றிலும் தமிழ் தெரிந்தவர் யாருமில்லாவிட்டாலும் குரலைத் தாழ்த்தி, "ஆம்பூர்பிரியாணி" என்றேன். அவள் அதை உரக்கத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கம் அறையே சிரித்தது.

"அதுல ஒய் வருதுல்ல? அந்த ஊர் கீபோர்டுல ஒய்யும் இசட்டும் எடம் மாறி இருக்கும். கருப்பு ஸ்கிரீனுக்கு அது தெரியாது. நீ இசட்ட அமுக்கு."

அமுக்கினேன். திறந்தது. பிறகு, மறைந்திருந்த அமைப்புக் கோப்புறைகளின் பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள். மறுபடி நுழைந்தபோது எல்லாம் புதுசு போல வந்திருந்தது, சோதனை முடிவுகளும் பத்திரமாக இருந்தன. வாடிக்கையாளருக்குத் திருப்தி. கிளவுஸ் மட்டும் அவரை ஜன்னல் பக்கம் உட்காரவிடவில்லை.

வேலை நிரந்தரமான பிறகு விடுப்பில் ஆம்பூர் போனேன். பழைய கம்பெனியில் நஸ்ரீன் தன் கணினி முன்னால் இருந்த நாற்காலியைக் கொடுத்தாள். அங்கிருந்து கிளவுஸுக்கு ஒரு மின்னஞ்சல் அடித்து, கீழே என் பெயரைப் போட்டேன். தோளுக்கு மேலாக எட்டிப் படித்தவள் சிரித்துவிட்டாள்.

"ஜாய்ஸ், உம் பேரையே தப்பா அடிச்சிருக்கடி."

ஒய் இருக்கவேண்டிய இடத்தில் இசட் நின்றது. திருத்தலாம் என்று விரலை எடுத்தேன். அது மறுபடியும் ஜெர்மன் கீபோர்டில் ஒய் இருக்கும் இடத்துக்கே போனது.