சினை கண்ட இடம்

பெரிய மார்க்கெட்டில் மீன் வெட்டும் அஞ்சலாட்சியிடம் பேரம் பேசலாம். சந்திரமோகன் பேரை மட்டும் எடுக்கக் கூடாது. எடுத்தால் நாலு துண்டாக வேண்டிய மீன் நாற்பது துண்டாகிவிடும்.

அவள் கோபம் நியாயமானது. நான்கு வருடத்துக்கு முன் சந்திரமோகனின் விசைப்படகு, பாவாடை என்கிற அவள் புருஷன் கடலில் விரித்திருந்த வலையை வாரிக்கொண்டு போனது. கயிற்றை விடாமல் பிடித்த பாவாடைக்கு மூன்று விரல்கள் போயின. ஊர்ப் பஞ்சாயத்தில் சந்திரமோகன் மன்னிப்புக் கேட்டான், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புக்காகவே அவனை விடுவதில்லை என்று அஞ்சலாட்சி முடிவுகட்டினாள். நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். அதன்பின் பாவாடையால் தூரக் கடலுக்குப் போக முடியவில்லை. ஆற்று முகத்துவாரத்துச் சேற்றுப் பகுதியிலேயே வலை போட்டு அரைவயிற்றுக்குச் சம்பாதித்தான்.

போன வருடம், மீன் இனம் பெருகுவதற்காகக் கடலில் ஓர் இடத்தை மூடப்போவதாக அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள். எந்த இடம் என்று கேட்டதும் சந்திரமோகன் எழுந்து, வரைபடத்தில் வெறும் மணல்வெளியைக் காட்டினான். அங்கே யாரும் வலை போடுவதில்லை; மீன் இருந்தால்தானே போடுவதற்கு! யாருக்கும் நஷ்டமில்லை என்று ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அதிகாரிகளும் பேனாவைத் திறந்துவிட்டார்கள்.

அஞ்சலாட்சி எழுந்தாள்.

"அங்க ஒண்ணுமே கெடையாது சார். இருவது வருசமா மீன் வயித்த அறுக்கறவ சொல்றேன். சினையோட வர்ற சங்கரா மீனெல்லாம் இவரு போட்டுலதான் வருது. கெழக்கால பாறையச் சுத்திப் புடிக்கிறாரு. அத மூடுங்க."

சந்திரமோகனின் முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்த்து அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

கூட வந்திருந்த விஞ்ஞானி ஹேமலதா விடவில்லை. "பாறைய மட்டும் மூடினா பத்தாதும்மா. குஞ்சு வளர்ற எடத்தையும் மூடணும். இல்லன்னா மீன் பெருகாது, ரெண்டே வருஷத்துல பாறையையும் தெறந்துவிடச் சொல்லுவாங்க. குஞ்சு எங்க வளருது?"

அது அவளுக்குத் தெரியும். பாவாடையின் வலையில்தான் தினமும் விரல் நீளக் குஞ்சுகள் வந்தன. பின்வரிசையில் இருந்த பாவாடை, வேண்டாம் என்று தலையசைத்தான். அவள் அதைப் பார்த்தாள்.

"மொகத்துவாரத்துச் சேத்துல மேடம்."

இரண்டு இடங்களும் மூடப்பட்டன. சந்திரமோகன் படகை விற்றான். பாவாடையின் படகு கரையில் கிடக்கிறது.

"இனிமே நான் எங்கடி போறது?" என்று கேட்டான் பாவாடை.

"அவனும் போக முடியாதில்ல," என்றபடி அவன் தட்டில் சோற்றைப் போட்டாள் அஞ்சலாட்சி.