நீந்தத் தெரியாத ஊரில் அடுவோ

எங்கள் கரையில் நாற்பத்திரண்டு படகுகள். அவற்றில் ஏறிப் போகிற ஆண்களில் நீந்தத் தெரிந்தவன் ஒருவன்கூடக் கிடையாது. கேட்டால், "நாங்க விக்டோரியா ஏரிக்காரங்க, மீனுக்கு எவனாவது நீச்சல் சொல்லித் தருவானா?" என்று மார் தட்டுவார்கள். அந்த மீன்களில் வருடத்துக்கு நாலைந்து பிணமாகக் கரை ஒதுங்கும். ஏரிக்குப் பசி என்று சொல்லிவிட்டு மறுநாள் மறுபடி மார் தட்டுவார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

இந்த ஊருக்குத்தான் மொம்பாசாவிலிருந்து அடுவோ திரும்பி வந்தாள். பதினெட்டு வருடம் அங்கே ஒரு ஹோட்டலில் நீச்சல் குளம் கழுவியவள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு யாரோ ஒரு அம்மாள் அங்கே நீச்சல் சொல்லித் தந்ததை, தரையைத் தேய்த்துக்கொண்டே பார்த்துப் பார்த்துப் படித்திருக்கிறாள். ஐம்பது வயது. புருஷன் இல்லை. யாருக்கும் அடங்காத வாய்.

என் மகள் அஜுவாங்குக்கு ஒன்பது வயது. பேச மாட்டாள். கதவு திறந்திருந்தால் நேரே ஏரிக்குத்தான் ஓடுவாள். பேய் பிடித்திருக்கிறது என்றது ஊர். பெற்றவள் நான் மட்டும் என்ன கிழித்தேன்? மீன் காயவைக்கப் போகும்போது பழைய துணியால் அவளைத் தூணோடு கட்டிவிட்டுப் போவேன். அதை ஒருநாள் அடுவோ பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, ஆட்டுக்குட்டியா வளக்குற? முடிச்சு அவுந்தா என்ன பண்ணுவே?"

"வேற என்னக்கா பண்ணச் சொல்றே?"

"நாளைக்குக் காலைல கூட்டிட்டு வா. போட்டிருக்கிற உடுப்போட வா. விழுற புள்ள உடுப்பு மாத்திக்கிட்டா விழும்?"

தண்ணீர் ஓரத்தில் இரண்டு கம்பு நட்டு நீலக் கயிறு கட்டியிருந்தாள். அஜுவாங்கோடு சேர்த்து ஐந்து பிள்ளைகள். முதல் பாடம் நீச்சல் இல்லை, நிற்பது. அடுவோ கையால் தண்ணீரை இரண்டு தடவை அடிக்கிற வரைக்கும் கயிற்றைத் தாண்டக் கூடாது. அடுத்த பாடம் விழுந்தால் மல்லாந்து, மூச்சு விட்டு, காத்திருப்பது. அவள் மறுபடி தண்ணீரை இரண்டு தடவை அடித்தால் காலை உதைத்துக்கொண்டு கரைக்கு வருவது. தினமும் அதே நேரம், அதே இடம், அதே வார்த்தை. அஜுவாங்குக்கு ஏழு மாதம் பிடித்தது. மரத்தடியில் கரும்பு கடித்துக்கொண்டு ஆண்கள் சிரித்தார்கள். கரைக் கமிட்டி சேர்மன் ஒனேடியின் சிரிப்புதான் எல்லாரையும்விடப் பெரிது.

அந்த ஒனேடி யார் யார் காலையோ பிடித்து முப்பது மிதவைச் சட்டைகள் இனாமாக வாங்கினான். கொடுத்தவர்கள் படகில் வந்து போட்டோ எடுப்பார்களாம். அவர்கள் வருகிற நாள் காலை, படகு அணைய இடைஞ்சல் என்று நீலக் கயிற்றை அவிழ்த்து எறிந்தான். ஊர்ப் படகுகளையெல்லாம் கரையேற்றி வரிசையாக நிறுத்தி மாலை கட்டினான்.

"இன்னிக்கு ஒரு நாள் நீயும் உன் பைத்தியப் படையும் இந்தப் பக்கம் வராதீங்க" என்றான் அடுவோவிடம்.

"உன் மூஞ்சிய பாக்காம இருக்கிறதுக்கு நான்தான் காசு குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் சந்தைக்குப் போனாள்.

நான் விருந்தாளிகளுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். வழக்கமான நேரம் வந்ததும் அஜுவாங் வழக்கமான இடத்துக்குப் போனாள். கயிற்றைக் கண்டால் நிற்கிற பிள்ளை என்று தூணில் கட்டுவதை விட்டிருந்தேன். கயிறு இல்லை, நிற்கவில்லை. கம்புகளைத் தாண்டி, பள்ளம் விழுகிற இடத்தில் தலை மறைந்தது.

கத்தினேன். சிங்கம்போலப் பேசிய அத்தனை பேரும் கரையில் மரமாக நின்றார்கள். நாலு பேர் ஒரு படகைத் தள்ளினார்கள், அது சேற்றை விட்டு நகரவில்லை. எவனோ மிதவைச் சட்டை மூட்டைக்கு ஓடினான்.

"பிரிக்காதடா! போட்டோவுக்கு முன்னாடி பிரிச்சா அவங்க என்ன நெனப்பாங்க!"

சொன்னது ஒனேடி. என் இரண்டு காதாலும் கேட்டேன். அவன் நாக்கு அழுகிப் போக.

பெண்கள் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது தண்ணீருக்கு மேலே ஒரு முகம் தெரிந்தது. மல்லாந்து, கையை விரித்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள் என் மகள்.

"வாய மூடுங்கடி, அவ மூச்சு விடுறா!" என்றேன்.

யாரோ போய்ச் சொல்லி அடுவோ சந்தையிலிருந்து ஓடி வந்தாள். அவள் குதிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு தடவை அடித்தாள். அஜுவாங் காலை உதைத்துக்கொண்டு தானே வந்து சேர்ந்தாள்.

அதற்குள் விருந்தாளிப் படகும் வந்துவிட்டது. ஒனேடி என் மகளின் ஈரத் தோளில் கை போட்டு, "எங்க கமிட்டி குடுத்த பயிற்சி!" என்று பல்லைக் காட்டினான். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத பிறவி.

எல்லாரும் போன பிறகு அடுவோவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் கையை உதறினாள்.

"விடுடி. அவ உள்ள போனதே என் தப்பு. கயித்தப் பாத்து நிக்கத்தான் சொல்லிக் குடுத்தேன், ஏரியப் பாத்து நிக்கச் சொல்லிக் குடுக்கல. நாளைக்குக் கயிறு இல்லாம மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்." என் பக்கம் திரும்பினாள். "நீ என்ன பண்ணே?"

"கத்தினேங்கா."

"அடுத்த தடவ அவ குப்புறக் கெடந்தா, இன்னும் கொஞ்சம் சத்தமா கத்து."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மறுநாள் காலை போட்டிருந்த உடுப்போடு என் மகள் பக்கத்தில் போய் நின்றேன். மரத்தடியில் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு, அடுவோ தண்ணீரை இரண்டு தடவை அடித்ததும் உள்ளே இறங்கினேன்.