எந்த ஊர் மழை

செல்வம்மாளுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. ஏரி நடுவே தீவான பசியாவரத்தில் அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. மீன்கூடையோடு ஓடம் ஏறிப் பழவேற்காட்டுக்குப் போவாள், விற்ற கையோடு திரும்புவாள், வந்ததும் வராததுமாக வலையை எடுத்து உதறுவாள். பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர் என்ற டச்சுக்காரரின் கொடி பறந்த காலம் அது. அந்தக் காலத்து ஊர்ப்பெரியவர்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அதை ஒளித்துவைத்துக்கொண்டு இவள் கதையைச் சொல்ல என்னால் முடியாது.

அவள் புருஷன் பச்சைமுத்து உலாந்தாக் கப்பலில் பாய் ஏற்றி இறக்கும் கூலிக்காரனாகச் சேர்ந்து, புரட்டாசியில் தெற்கே கடல் தாண்டி உள்ள பத்தாவியாவுக்குப் போனான். புரட்டாசி தாண்டினால் வாடைக்குப் பயந்து ஒரு கப்பலும் இந்தக் கரையில் நிற்காது. ஏறும்போது சொன்னான்:

“மழ விட்டதும் கப்பலு திரும்பிடும்னு எங்க மேஸ்திரி தண்டலு சொல்றாரு. வந்துடுவேன், அழுவாத.”

செல்வம்மாள் மட்டுமல்ல, கரையில் நின்ற பாதி ஊரும் அதைக் கேட்டது.

ஐப்பசியும் கார்த்திகையும் வழக்கம்போல் கொட்டித் தீர்த்தன. மார்கழி நடுவில் மழை விட்டது. கப்பல் வரவில்லை. நடுவில் ஒரு புயலுக்குப் பிறகு முறிந்த பாய்மரம் ஒன்று கரையில் ஒதுங்கியது. அது எந்தக் கப்பலுடையது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால் ஆளுக்கொன்று பேச வசதியாகப் போயிற்று.

அந்த ஊரில் ஏரியில் வலை போட ஆளுக்கு ஒரு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். கல்யாணமான ஆணுக்கு ஒரு பாடு. பங்குனி அமாவாசையன்று ஊர் கூடும், ஊர்த்தலைவரான நாட்டார் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், கூப்பிட்டவன் ‘இருக்கேன்’ என்றால் அந்த வருஷத்துப் பாடு அவனுக்கு. கப்பலேறிப் போனவனுக்காக மழை விட்டபின் மூன்று அமாவாசை பொறுத்துப் பார்ப்பார்கள். மூன்றாவதில், மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் அவன் செத்தவன். அன்றைக்கே வைக்கோலில் ஓர் உருவம் செய்து கொளுத்திவிட்டு, பெண்டாட்டியை ஏரியில் இறக்கித் தாலியை வாங்கிவிடுவார்கள். எல்லாம் ஒரு பொழுதுக்குள் முடிந்துவிடும்.

தை அமாவாசை போயிற்று. மாசி அமாவாசையும் போயிற்று. கொழுந்தன் தசரதன் வந்து வாசலில் நின்றான். அண்ணன் பாடு தனக்கு வரும் என்பது அவனுக்குத் தெரியும். அண்ணனுக்காக அழுததும் பொய்யில்லை.

“நானும் எவ்ளோ நாளுதான் பாக்கறது அண்ணி? அண்ணன் உசுரோட இருந்தா வராம இருக்குமா?”

“இன்னா பேசற நீ? செத்தத நீ பாத்தியா?”

“மழ விட்டு ரெண்டு அமாவாச ஆயிடுச்சே.”

செல்வம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடத்துக்கு ஓடினாள்.

அன்றிலிருந்து தினமும் பழவேற்காட்டில் கண்ணில் பட்டவரையெல்லாம் பிடித்து, மழை விட்டும் கப்பல் ஏன் வரவில்லை என்று கேட்டாள். கோட்டை வாசலில், பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷியைப் பிடித்தாள். அவன் வேண்டா வெறுப்பாக ஒரு உலாந்தாச் சிப்பாயிடம் கேட்டுச் சொன்னான். சிப்பாயின் ஊரில் மழைக்கென்று தனி மாதமே கிடையாதாம், எல்லா மாதமும் தூறுமாம். குளிர் காலத்தில் ஏரி கல்லாகிவிடுமாம், ஜனங்கள் அதன்மேல் நடந்து அக்கரைக்குப் போவார்களாம்.

“ஏரி மேல நடக்கறானாமா! ஊட்ல எழவு உழுமோன்னு நான் நிக்கறேன், இவனுக்கு விளையாட்டு!”

கூடையை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பாவம், அந்தச் சிப்பாய் உண்மையைத்தான் சொன்னான்.

கரையில், மரைக்காயர் ஒருவரின் தோணிக்குச் சுக்கான் பிடிக்கும் சுக்கானி, காற்று திரும்பக் காத்துக்கொண்டு பாயைத் தைத்துக்கொண்டிருந்தார். செல்வம்மாள் அவர் முன்னால் போய் நின்றாள்.

“மரைக்காரே, பத்தாவிலேருந்து கப்பலு ஏன் இன்னும் வரல? மழ விட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எந்த ஊரு மழம்மா?”

“மழைல எந்த ஊரு மழ? மழதான்.”

“இங்க விட்டுச்சு. அங்க இப்போதான் கொட்டிக்கினு இருக்கும். மார்கழி, தை, மாசி மூணும் அங்க நல்ல மழ. பங்குனி கடைசில, சித்திரைலதான் விடும். அப்புறம்தான் இந்தப் பக்கம் வர்றதுக்குத் தெக்கத்திக் காத்து கெடைக்கும்.”

செல்வம்மாள் நம்பவில்லை. சிப்பாயிடம் ஒரு தரம் ஏமாந்ததே போதும் என்றிருந்தது.

“வானம் ஒண்ணுதானே? அது எப்புடி இங்க விட்டு அங்க பேயும்?”

சுக்கானி ஊசியைப் பாயில் குத்திவிட்டுச் சொன்னார்:

“சூரியன் எந்தப் பக்கம் சாயுதோ, அந்தப் பக்கம் காயும். காஞ்ச எடத்தப் பாத்துக் காத்து ஓடும், மேகமும் பின்னாலயே ஓடும். மார்கழில சூரியன் தெக்க போயிடுது இல்ல? நம்மள நனைச்ச வாடையே அப்புறம் தெக்க எறங்கி, மேக்காத்தா திரும்பி, பத்தாவில போயி ஊத்துது. கடலு மேல வர்ற காத்து தண்ணிய மோந்துக்கினு வரும். மணலு மேல வர்றது தூசியத்தான் கொண்டாரும். மணலுக்கு நடுவுல இருக்கற மோக்கா துறமுகத்துல அதான் வருசத்துக்கு ரெண்டு தூறலு உழுந்தா பெருசு.”

“ஆனி ஆடில நமக்குந்தான் மேக்கால கடல்லேருந்து காத்து வருதுன்றாங்க. அப்போ ஏன் நமக்குப் பெருசா மழ இல்ல?” அவள் விடுவதாக இல்லை.

“நடுவுல மலை நிக்குதே! மலையாளத்துலயே எல்லாத்தையும் ஊத்திட்டு வெறுங்கையோட வருது. கொச்சில அப்போ வெளிய தல காட்ட முடியாது. நானே நனைஞ்சிருக்கேன்.”

அந்தக் கடைசிப் பேச்சில் அவளுக்குப் பொறி தட்டியது. ஆடிக்காற்றின் வறட்சி அவள் உதடு அறிந்தது. ஒரே மாதத்தில் இங்கே உதடு வெடிக்கும், கொச்சியில் மழை கொட்டும் என்றால், பத்தாவியாவும் அப்படி இருக்கலாமே? தையிலிருந்து கடலில் சூரியன் கிளம்பும் இடம் நாளுக்கு நாள் வடக்கே நகர்வதை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். அதற்கும் மழைக்கும் முடிச்சுப் போட்டதுதான் இல்லை.

பங்குனி அமாவாசை வந்தது. உச்சிப் பொழுதில் ஊர் கூடியது. வைக்கோல் கட்டு ஓரமாகத் தயாராக இருந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாட்டார் சகாதேவன் பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

“பச்சைமுத்து.”

நாட்டார் ஒரு விரலை மடக்கினார்.

“பச்சைமுத்து.”

தசரதன் தலையைக் குனிந்துகொண்டான்.

“பச்சை…”

“இருக்காரு!”

பொம்பிளை குரல். அந்தக் கூட்டத்தில் அதுவரை கேட்டிராத ஒன்று. நாட்டார் முகம் சிவந்தது.

“இன்னா பொண்ணே இது? ஊரு கட்டு தெரியாதா உனுக்கு?”

“தெரியும் நாட்டாரே. மழ விட்டு மூணு அமாவாசன்னுதானே கட்டு? எந்த ஊரு மழைன்னு கட்டுல இருக்குதா? அவரு இருக்கற ஊர்ல இன்னும் மழ விடல.”

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அவள் கூசவில்லை. வலை காயப்போடும் கம்பத்தைக் காட்டினாள். உச்சிவேளையிலும் அதன் அடியில் வடக்குப் பார்த்து முழ நீளம் நிழல் கிடந்தது.

“நெழலு வடக்கால உழுது, பாருங்க. சூரியன் இன்னும் தெக்கத்தான் நிக்கறாரு. மழ அவுரு பின்னாலதான் போவும். அவுரு நம்ம தலைக்கு மேல வந்து, தாண்டி, நெழலு தெக்க சாயட்டும். அப்புறம் ரெண்டு அமாவாச குடுங்க. வரலன்னா நானே ஏரில எறங்கறேன்.”

சுக்கானி பொய் சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்ற பயம் அவளுக்குள் இருந்துகொண்டுதான் இருந்தது. நாட்டார் நிழலையும் வைக்கோலையும் மாறி மாறிப் பார்த்தார். பல வருஷம் அந்தக் கம்பத்தடியில் நின்றவர்தான், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தவரில்லை.

“ஆனி அமாவாச வரைக்கும்” என்றார் கடைசியில். “அதுக்கு மேல ஒரு நாளு கெடையாது.”

செல்வம்மாளின் கால் அதற்குப் பிறகு சுத்தமாக நிற்கவில்லை. சித்திரை முடிவதற்குள் நிழல் தெற்கே சாய்ந்தது. வைகாசி முழுக்கக் கடலைப் பார்த்தாள். வைகாசியில் வந்த ஒரு கப்பல் வேறெங்கிருந்தோ வந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனி அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது இரண்டு பாய்கள் தெரிந்தன. கரைக்கு வந்த படகிலிருந்து பச்சைமுத்து இறங்கினான், பாதியாய் இளைத்து. நாட்டாரும் வந்திருந்தார், தசரதனும் வந்திருந்தான். செல்வம்மாள் கிட்டே போகவில்லை, தொடவில்லை, எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. ஊர் காதில் விழும்படி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பங்குனி அமாவாச அன்னிக்கு அங்க மழயா, வெயிலா?”

அவன் திகைத்துப்போனான். யோசித்துச் சொன்னான்:

“அன்னிக்கா? பேய் மழ. பொழுதன்னிக்கும் நின்னு பாய இறக்கினோம். குளுருல நடுங்கிக்கினே கெடந்தேன்.”

தசரதன் அண்ணன் காலைக் கட்டிக்கொண்டான். செல்வம்மாள் அந்த மணலிலேயே உட்கார்ந்து, நாட்டார் முன்னால், வாய்விட்டு அழுதாள்.