தெரியாது மேடம்

ஆபீஸில் அவளுக்குத் 'தெரியாது மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவன் நாசமாய்ப் போக, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருந்தான். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனி அது. எந்த மருந்து எந்த வகை, எந்த வகை யாருக்கு ஆகாது என்று கம்ப்யூட்டருக்கு உறவுமுறை சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. பன்னிரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே சண்டை.

அன்று காலையும் மேனேஜர் வந்து நின்றார். "இந்த நோயாளிக்குப் பெனிசிலின் ஒத்துக்குமான்னு கேட்டா உங்க சிஸ்டம் தெரியாதுங்குது. டாக்டருங்க போன் பண்ணிக் கத்துறாங்க."

"ஒவ்வாமை இருக்கான்னு அந்த ஆள்கிட்ட யாருமே கேக்கல சார். கட்டம் காலியா இருக்கு."

"காலின்னா இல்லைன்னு எடுத்துக்கச் சொல்லுங்களேன்! டைம்டேபிள்ல பத்தரை மணி பஸ் போடலைன்னா பத்தரைக்குப் பஸ் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"அதுல எல்லா பஸ்ஸையும் போட்டிருப்பாங்க சார். நம்மகிட்ட இருக்கிறது பாதி எழுதின டைம்டேபிள். கேக்காம விட்டதும் இல்லாததும் எப்படி சார் ஒண்ணாகும்?"

"உங்ககிட்ட மனுஷன் பேச முடியுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

ஜெயித்துவிட்டாள் என்றுதானே நினைப்பீர்கள்? அவளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. கைப்பையில் ஒரு வாரமாக ஒரு படிவம் கிடந்தது. எட்டு வருடம் முன்னால் வேலைக்குக் கிளம்பிய அப்பா திரும்பவே இல்லை. ஏழு வருடம் தகவல் இல்லையென்றால் இறந்ததாக அறிவித்துவிடலாம் என்கிறது சட்டம். அம்மா கையெழுத்துப் போட்டாயிற்று, தம்பியும் போட்டாயிற்று. அவள் ஒருத்திதான் பாக்கி. காலிக் கட்டத்தைச் சட்டமே இப்படி நிரப்பினால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கையை நீட்டினாள். "போட்டியா? குடு."

"போடலம்மா. அப்பா செத்துட்டார்னு யாருக்குத் தெரியும்? நமக்குத் தகவல் வரல, அவ்வளவுதான்."

"ஆரம்பிச்சிட்டியா? ஆபீஸ் பேச்சை ஆபீஸோட வெச்சுக்கோ."

"நாளைக்கே வந்து நின்னா என்னம்மா பண்ணுவே?"

"வரட்டும். எழுதினதை அடிச்சிட்டுப் போறேன். காகிதம்தானே? சட்டையைப் புடிச்சு நாலு கேள்வியும் கேப்பேன்." அம்மாவின் குரல் உடைந்தது. "உனக்கென்னடி, தெரியாதுன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்குவே. எட்டு வருஷமா நான் வாசக்கதவைத் தாழ் போட்டதே இல்ல. வந்து தட்டுறது காதுல விழாம போயிடுமோன்னு சும்மா சாத்திட்டுத்தான் படுக்குறேன். போதும்டி. என்னால முடியல."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே வீட்டில்தான் அவளும் இருக்கிறாள். கடைசியாகப் படுப்பது அம்மா, முதலில் எழுந்திருப்பதும் அம்மா. சரியாகத் தூங்குகிறாயா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. படிவத்தை எடுத்தாள். பேனா மூடி கழலவில்லை. பல்லால் கடித்து இழுத்துத் துப்பிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அம்மா வாங்கிப் பார்த்தாள். இன்னும் இருட்டக்கூட இல்லை, அதற்குள் எழுந்து போய் வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். துருவேறிப் போயிருந்தது, நகரவில்லை.

"கொஞ்சம் எண்ணெய் எடுத்துட்டு வாடி" என்றாள்.